முந்திவிட்ட ஸ்தோத்திரம்

1

இன்று நம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. கொழும்பில் இது வெறும் வியாழக்கிழமை. காலை ஏழு மணியிலிருந்து மருந்துச்சாலை ஜன்னலுக்குப் பின்னால் நின்று, நீட்டின போத்தலில் எல்லாம் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில், சாத்தான்குளத்தில் இந்நேரம் கோவிலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருப்பார்கள், சபை ஐயர் காணிக்கைச் சீட்டுகளைப் பிரித்து ஒவ்வொரு பேராக வாசித்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. ஒரு சிங்களக் கிழவியின் போத்தலில் அளவு கூடிப்போயிற்று. கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். கிழவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன் இதே பண்டிகையில் என் மனைவி பேரில் ஒரு சீட்டு வாசித்தீர்கள். அன்று சபை முழுவதும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட அசனமும் எங்கள் பேரில் நடந்ததுதான். ஆகையால் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "அக்கரையில் இருக்கும் அன்னப்பழம் அம்மாள் நெடுநாள் இரத்தக் கடுப்பிலிருந்து பூரண சுகம் பெற்றதற்காக" என்று சீட்டில் எழுதியிருந்தது. எழுதியவன் அவள் புருஷனாகிய நான். அவள் 'சுகம்' என்று மட்டும் எழுதச் சொன்னாள். 'பூரண' என்பது என் கைச்சரக்கு.

அவளுக்குச் சுகமாகவில்லை. அன்றைக்கே ஆகியிருக்கவில்லை. இப்போது இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கிடக்கிறாள். தோளைத் தொட்டால் கையில் எலும்புதான் தட்டுகிறது. வருகிற திங்கட்கிழமை வயிற்றை அறுக்கப் போகிறார்கள். தாங்குவாள் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதை ஏன் சபைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றால், அவள் எழுதச் சொன்னாள். சாப்பிட்ட அசனத்தை யாரும் திருப்பித் தர வேண்டாம்.

2

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஏரல்காரன், சாத்தான்குளத்தில் பெண் எடுத்தவன். பாளையங்கோட்டையில் கம்பவுண்டர் வேலை கற்றுக்கொண்டு, கல்யாணமான மறுவருஷமே தூத்துக்குடியில் கப்பல் ஏறியவன். சாயங்காலம் ஏறினால் விடியக் கொழும்பு. இத்தனை பக்கத்தில் இருக்கிற ஊரை அக்கரைச் சீமை என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கும். ஆனால் ரங்கூன் போனவன் கூட வருஷத்துக்கு ஒருமுறை ஊர் வந்துவிட்டான், நான் வரவில்லை.

நாங்கள் இருக்கிற இடத்துக்குத் தோட்டம் என்று பேர். மரம் செடி என்று எண்ணிவிடாதீர்கள். முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்க்குழாய், ஓரத்தில் எல்லாருக்கும் பொதுவாக நாலு கக்கூசு. இரத்தம் போகிற ஒரு பெண்பிள்ளைக்கு அந்த நாலு கக்கூசு என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எனக்கு இந்த வருஷம்தான் புத்தியில் ஏறியது.

பேச்சும் எங்களைப் படாத பாடு படுத்தியது. வந்த புதிதில் ஜன்னலில் நின்று "ஏலே, அங்கன நிக்காத, இங்கன வாலே" என்று நான் அதட்டினால் வரிசையே சிரிக்கும். யாழ்ப்பாணத்துக்காரர்கள் என் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள். சிங்களத்தில் லே என்றால் இரத்தமாம். இந்தக் கம்பவுண்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை இரத்தம் இரத்தம் என்று கத்துகிறான் என்று சிங்களவர்களுக்கு வேடிக்கை. ஒரு வருஷத்துக்குள் நானே என் நாக்கைச் செதுக்கிக்கொண்டேன். சீசா போய் போத்தல் வந்தது. அன்னப்பழம் மட்டும் மாறவில்லை. தண்ணீர்க்குழாயடியில் அவள் வாயைத் திறந்தால் தோட்டம் முழுக்கச் சாத்தான்குளம்தான்.

அவளுக்கு வியாதி கண்டது நாங்கள் வந்து ஆறாவது வருஷம். முதலில் நானே வைத்தியம் பார்த்தேன். தினம் நூறு பேருக்கு வயிற்றுக்கு மருந்து கொடுக்கிறவனுக்குத் தன் வீட்டுக்காரி வயிறு தெரியாதா என்ற திமிர். மாதுளம்பிஞ்சு அரைத்துக் கொடுத்தேன், அளவு குறைத்தால் பேதியை நிறுத்தும் என்று வாந்தி மருந்தைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. சளியும் இரத்தமுமாகப் போகும். கடைசியில் ஆஸ்பத்திரி ஏட்டில் பேரைப் பதிந்தார்கள். அந்த ஏட்டில் இரத்தத்தோடு வயிறு போனால் எழுதுவதற்கு ஒரே ஒரு பேர்தான் உண்டு, தொற்றுப்பேதி. எழுதின மூன்றாம் நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் இரண்டு ஆட்களோடு வந்து வீடு முழுக்கக் கார்பாலிக் தெளித்து, வாசலில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. எங்கள் மகள் கிரேஸோடு விளையாட வந்த பிள்ளைகளைத் தாய்மார் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

புதிதாக வந்த ஊசியும் போட்டார்கள். மற்றவர்களுக்கு நாலு ஊசியில் நின்றது, இவளுக்கு நிற்கவில்லை. அப்போதுதான் சின்ன டாக்டர் இது வேறே என்று சொன்னார். யாழ்ப்பாணத்தவர், லண்டனில் படித்து வந்தவர், வயதில் எனக்குத் தம்பி போல இருப்பார். பூச்சியாலும் தண்ணீராலும் வருகிற பேதி இல்லை, பெருங்குடலின் உள்தோல் தானாகவே புண்ணாகி உரிந்துபோகிற வியாதி, காரணம் யாருக்கும் தெரியாது என்றார். காரணம் தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

3

அவர் சொன்னபடி படுக்கை, பால், ஆரோரூட் கஞ்சி, கீழ்வழியாக மருந்துத் தண்ணீர் கழுவல். புளி இல்லை, மிளகாய் இல்லை, கருவாடு இல்லை. பனங்காட்டில் பிறந்தவளுக்குக் கருப்பட்டிக் காப்பி கூட இல்லை. ஏழெட்டு மாசம் அப்படிக் கிடந்தாள். பிறகு ஒருநாள் இரத்தம் நின்றது. ஒரு வாரம் போயிற்று, வரவில்லை. ஒரு மாசம் போயிற்று, வரவில்லை. மூன்றாம் மாசம் அவளே எழுந்து குழாயடிக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்து வந்தாள். நான் அந்தக் குடத்தைப் பார்த்து அழுதேன். அதில் எனக்கு வெட்கம் இல்லை.

டாக்டரிடம் ஓடினேன். அவருக்கும் சந்தோஷந்தான். ஆனால் ஒன்று சொன்னார். இரத்தம் நின்றது வேறு, உள்ளே புண் ஆறினது வேறு. மேலுக்கு எல்லாம் அடங்கிவிட்டது போல இருக்கும், உள்தோல் மூடியிருக்காது. விளக்கு வைத்த ஒரு குழாய் தன்னிடம் இருக்கிறது, கீழ்வழியாக அதை வைத்துக் கண்ணால் பார்த்துவிடலாம், தோல் மூடியது என்று பார்க்கிற வரைக்கும் பாலையும் மருந்தையும் நிறுத்த வேண்டாம் என்றார்.

நான் சம்மதிக்கவில்லை. என் பெண்சாதியை அந்த மாதிரிக் கிடத்தி ஒரு ஆண்பிள்ளை பார்க்கிறதா என்ற ரோஷம் ஒன்று. அதை விடப் பெரிய காரணம் வேறு. ஊருக்குச் சீட்டு அனுப்பியாகிவிட்டது. பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்ததால், இரண்டாவது மாசத்திலேயே மாமனாருக்குக் கடிதம் போட்டு, சீட்டையும் உள்ளே வைத்து, அசனத்துக்கும் ஏற்பாடு பண்ணச் சொல்லியிருந்தேன். ஸ்தோத்திரச் சீட்டு அனுப்பின பிற்பாடு, நிஜமாகவே சுகம் தந்தாரா என்று குழாய் வைத்துச் சோதித்துப் பார்ப்பது என்ன விசுவாசம்? நம் சபையில் வளர்ந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். நான் டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. வேலை அதிகம், பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் இன்னொரு முறை ஆள் அனுப்பிக் கேட்டார். அதற்கும் ஒரு சாக்கு.

இங்கேயும் தமிழ்க் கோவிலில் ஸ்தோத்திரம் செலுத்தினோம். சபையாருக்கு ஒரு நேரச் சாப்பாடு. ஆட்டுக்கறியும் கத்தரிக்காய்ப் புளிக்கறியும். விருந்து கொடுத்தவள் பந்தியில் உட்காராமல் இருந்தால் நன்றாயிருக்காது என்று எல்லோரும் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். நான்தான் இலையில் பரிமாறினேன். "பைய, கொஞ்சமா போடுங்க" என்றாள். நான் அள்ளிப் போட்டேன்.

4

கிரேஸைப் பற்றி ஊருக்கு எழுதும் கடிதங்களில் புலம்பித் தீர்த்திருக்கிறேன். பதினோரு வயசு. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தாயார் பேச்சு அவளுக்கு வெட்கம், பள்ளிக்கூட வாசலுக்கு அம்மா வரக் கூடாது என்பாள். ஜெபம் கூட இங்கிலீஷில்தான். தமிழில் எழுதச் சொன்னால் 'ழ'வைப் பார்த்து முழிப்பாள். பிள்ளை கையை விட்டுப் போகிறாள் என்று மாமனாருக்கு எழுதினேன். அவர் ஊருக்கு அனுப்பிவை என்று பதில் எழுதினார். இப்போது நினைத்தால், அந்த வீட்டில் கையை விட்டுப் போயிருந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த விருந்து முடிந்து மூன்று வருஷம் ஆகப்போகிற போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை. ஜன்னலில் நல்ல கூட்டம். நான் தலை நிமிராமல் சீட்டை வாங்குகிறேன், போத்தலை வாங்குகிறேன், ஊற்றிக் கொடுக்கிறேன். ஒரு சின்னக் கை கழுவின போத்தல் ஒன்றை நீட்டியது. கூடவே ஒரு தாள், டாக்டர் சீட்டு இல்லை, பள்ளிக்கூட நோட்டில் கிழித்தது. இங்கிலீஷில் 'அம்மா. இரத்தம். நாலு மாசம்' என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் என் மகள். மற்றவர்களைப் போல வரிசையில் நின்று வந்திருக்கிறாள். ஒரு மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

"என்ன ஏட்டி இது?" என்றேன்.

"அப்பாகிட்டச் சொல்ல மாட்டேன்னு அம்மாக்குச் சத்தியம் பண்ணிட்டன்," என்றாள். அழவில்லை. "கம்பவுண்டர்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லயில்ல."

பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்தினேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நடுவேளையில் அதைச் சாத்தினது கிடையாது, அதற்காக மேலதிகாரிக்கு விளக்கம் எழுதிக் கொடுக்கும்படி ஆயிற்று. வீட்டுக்கு ஓடுகிற வழியில் பிள்ளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் மருந்துச்சாலைக்குப் போன பிறகு துணிகளை அலசுவது அவள் வேலை. அலசின தண்ணீரை யார் கண்ணிலும் படாமல் சாக்கடையில் ஊற்ற வேண்டும், இன்ஸ்பெக்டர் மறுபடி வந்துவிடக் கூடாது. ராத்திரி எனக்குக் குழம்பு சோறு போட்டுவிட்டு அவர்கள் இரண்டு பேரும் கஞ்சி குடித்திருக்கிறார்கள், தாய்க்குத் துணையாகப் பிள்ளையும். நாலு மாசமும் எனக்கு எதிரே உட்கார்ந்து என் பெண்சாதி மெலிந்துகொண்டு வந்திருக்கிறாள். வெயில்காலம், அதனால் இளைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். நூறு பேர் வயிற்றைப் பார்க்கிற கம்பவுண்டரின் லட்சணம் அது.

5

அன்னப்பழத்திடம் நான் கோபப்பட்டேன். சொல்லத் துக்கமாக இருக்கிறது, ஆனால் பட்டேன். ஏன் மறைத்தாய் என்று கத்தினேன், தோட்டத்துக்கே கேட்டிருக்கும். அவள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் பையத் திரும்பினாள்.

"அசனம் போட்டாச்சி. தின்னவங்க எல்லாம் ஸ்தோத்திரம் சொல்லியாச்சி. இனி எனக்கு ரத்தம் போகுதுன்னு சொன்னா, யாரு சொன்னது பொய்யி? நானா, கர்த்தரா?"

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான், சீட்டு எழுதினவன், அவன் சொன்னதுதான் பொய் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன்.

இந்த முறை குழாய் வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. திரை கட்டி, நர்சம்மாள் பக்கத்தில் நின்று, டாக்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நீயும் பார்த்துவிடு, உனக்குச் சொன்னால் விளங்காது என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று தெரியவில்லை. நான் குனிந்து கண்ணை வைத்தேன்.

உரித்த தோல் மாதிரி ஒரே சிவப்பு. தொட்ட இடமெல்லாம் கசிந்தது. அங்கங்கே மஞ்சளாகச் சீழ் படிந்திருந்தது. அதற்கு நடுவில், ஊறவைத்த கொண்டைக்கடலை போல உருண்டை உருண்டையாகச் சதை நின்றது. ஒன்று இரண்டு இல்லை, எண்ண முடியாது. எனக்குத் தெரிந்த ஒரே ஒரு வியாதிதான் அப்படிச் சதை வளர்க்கும். புற்று என்று முடிவு கட்டிவிட்டேன். வெளியே நடைவழியில் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் வரவில்லை. கிரேஸை யாரிடம் விடுவது என்ற ஒரே யோசனைதான் மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது.

டாக்டர் வெளியே வந்து, என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். அது புதிதாக வளர்ந்த சதையே இல்லையாம். சுற்றிலும் உள்தோல் அரித்துப் பள்ளமாகிவிட்டது. நடுவில் அரிக்காமல் நின்ற பழைய தோல்தான் அப்படி மேடாகத் தெரிகிறது. புண் ஆறும்போது அந்த மேடுகள் இன்னும் கொஞ்சம் தடித்து உருண்டு நிற்கும். முளைத்தது இல்லை, மிஞ்சினது என்றார். அதை அறுக்கவோ சுடவோ வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது மேட்டை இல்லை, பள்ளத்தை. பள்ளத்தில் தோல் மூடுகிறதா என்பதுதான் கேள்வி.

எங்கள் ஏரல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு இது உடனே விளங்கும். பெருவெள்ளம் வடிந்த பிறகு ஆற்றோரத்து வாழைத்தோட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மேல்மண் எல்லாம் போய் வெறும் மணலாகக் கிடக்கும். நடுநடுவே ஒரு வாழைத்தூரை இறுகப் பிடித்துக்கொண்டு ஆள் உயரத் திட்டு நிற்கும். தெரியாதவன் பார்த்தால் இந்தத் திட்டு எங்கிருந்து வந்தது என்பான். அது வரவில்லை, அதுதான் தரை. போனது மற்றது.

ஆனால் ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை. இத்தனை மேடு இருக்கிறது என்றால் இத்தனை காலமாக அரித்திருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் கணக்குப்படி, நான் விருந்து போட்ட நாளிலும் அந்தப் புண் திறந்தேதான் இருந்திருக்கும். அன்றைக்கே பார்த்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தார். பிறகு முடிக்காமல் விட்டுவிட்டார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாததுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

6

வார்டில் போட்ட பத்தாம் நாள் அவள் கேட்டது எனக்கு வைத்தியத்தை விடக் கஷ்டமாக இருந்தது. ஊருக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றாள். சாகிறதற்கு என்று நினைத்துத் தேற்றப் பார்த்தேன். அவளுக்கு எரிச்சல் வந்தது.

"சாவ எங்கனயும் சாவலாம். நம்ம கோயில்ல எந்திரிச்சி நின்னு, எனக்குச் சொகமாவல, அன்னைக்கு வாசிச்சது தப்புன்னு ஒருதடவ சொல்லிட்டு வந்திருதேன். ஒரு ராத்திரி கப்பல்தான, தாங்கிருவேன்."

தாங்க மாட்டாள் என்று எனக்கும் தெரியும், டாக்டருக்கும் தெரியும். இருந்தும் கேட்டவளுக்கு இல்லை என்று சொல்ல மனம் வராமல் கப்பல் ஆபீசுக்குப் போனேன். ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கினதிலிருந்து அங்கே நடைமுறை எல்லாம் இரட்டிப்பு. குமாஸ்தா, சுகாதார இன்ஸ்பெக்டர் ஆபீசிலிருந்து வந்திருந்த பழைய தொற்றுநோய் ஏட்டைத் தேடி எடுத்தார். அன்னப்பழம், தொற்றுப்பேதி என்று அதில் எழுதியிருக்கிறது. இல்லை, இப்போது வேறே வியாதி என்று டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். அந்த வியாதியின் பேர் அவரிடம் இருந்த அச்சடித்த பட்டியலில் இல்லை. தொற்றுமா, தொற்றாதா, ஒரே வார்த்தையில் சொல்லும் என்றார். கடிதத்தில் காரணம் இன்னும் அறியப்படவில்லை என்று டாக்டர் நேர்மையாக எழுதியிருந்தார். காரணம் தெரியாத வியாதி தொற்றாது என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று குமாஸ்தா கேட்டார். அவர் கேட்டதில் தப்பு இல்லை. மூன்று மேசை ஏறி இறங்கினேன். மூன்றிலும் அதே கேள்விதான்.

திரும்பி வந்து சொன்னேன். அவள் இரண்டு நாள் பால் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் கிரேஸ் கரண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, "குடியும்மா, குடிச்சாத்தானே பேசலாம்," என்றாள். தாயார் பேச்சுக்கு வெட்கப்பட்ட பிள்ளை, அந்த வார்டில் நாலு பாஷைக்காரர்கள் கேட்க உரக்கச் சொன்னாள். அன்னப்பழம் வாயைத் திறந்தாள்.

7

ஆறு வாரம் கழுவலும் மருந்தும் நடந்தது. நேற்றுக் காலை டாக்டர் மறுபடி குழாய் வைத்துப் பார்த்தார். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை, நானும் உள்ளே போகவில்லை. வெளியே வந்து இரண்டு விஷயம் சொன்னார்.

கீழ்ப்பக்கம் ஒரு சாண் அளவுக்குப் பள்ளத்தில் புதுத்தோல் மூடியிருக்கிறது. மெல்லிசு, வெங்காயச் சருகு மாதிரி, தொட்டாலும் கசியவில்லை. மேடுகள் அப்படியே நிற்கின்றன, ஆயுசுக்கும் நிற்கலாம், அதைப் பற்றிக் கவலை இல்லை. இது ஒன்று. அதற்கு மேலே இன்னும் பச்சைப் புண், இரத்தம் நிற்கவில்லை. குழாய் எட்டாத இடத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீழிருந்து ஊற்றுகிற மருந்து அதுவரை போவதில்லை. ஆகவே வலது வயிற்றில் ஒரு துளை திறந்து, மேலிருந்து கழுவ வேண்டும், இதையும் தள்ளிப் போட்டால் குடல் ஓட்டை விழுந்துவிடலாம். பெரிய சர்ஜன் திங்கட்கிழமை அறுப்பார். மயக்க மருந்தை இந்த உடம்பு தாங்குமா என்று டாக்டர் தானே வாய்விட்டு யோசித்தார், ஆனால் முடிவு சொல்லவில்லை. புருஷன் சம்மதக் கையெழுத்து என்று ஒரு தாளை என் கையில் கொடுத்தார்.

நான் வார்டுக்குள் போனபோது பார்வை நேரம். அவள் கண் என் முகத்திலேயே இருந்தது.

"என்ன பாத்தாராம்?"

சத்தியமாகச் சொல்கிறேன், என் நாக்கு நுனிக்கு வந்தது 'ஆறிக்கிட்டு வருதாம்' என்கிற வார்த்தைதான். அது முழுப் பொய்யும் இல்லை. கீழே ஒரு சாண் ஆறித்தான் இருக்கிறது. அந்த ஒரு சாணை வைத்துக்கொண்டு நான் இன்னொரு 'பூரண' எழுதியிருப்பேன். இருந்தாலும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். மேடு என்றால் என்ன, பள்ளம் என்றால் என்ன, எதுவரை தெரிந்தது, எதற்கு அப்புறம் தெரியவில்லை, திங்கட்கிழமை என்ன செய்வார்கள், தாங்குவாளா என்று அவர் யோசித்துவிட்டு முடிவு சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் இவ்வளவு நேரம் உண்மை பேசினது கிடையாது. பேசி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ், அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"அப்பம் கீழ ஆறியிருக்கு. மேல ஆறல. அதுக்கு அங்கிட்டு தெரியல. இம்புட்டுதான?"

"இம்புட்டுதான்."

"கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போட்டுட்டு ஊருக்கு எழுதுங்க. சொகம்னு எழுதாதிய. சாகக் கெடக்கான்னும் எழுதாதிய. பாத்தத மட்டும் எழுதுங்க."

கையெழுத்துப் போட்டேன். எழுதியும் விட்டேன். யுத்தக் கப்பல்களுக்கு நடுவே தபால் எப்போது வந்து சேரும், பத்திரிகை எப்போது அச்சாகும் என்று தெரியாது. எப்படியும் நீங்கள் இதை வாசிக்கிற அன்று அந்தத் திங்கட்கிழமை கடந்து போயிருக்கும். அவள் இருக்கிறாளா இல்லையா என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கு எனக்கும் தெரியாது.